கோவிந்தராஜன் பாஸ் செய்யாத ஸ்டூல்கள்

கோவிந்தராஜன் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார். டிபன் பாக்ஸ், செருப்பு, கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு தரும் எவர்சில்வர் கிண்ணம், எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். மைத்துனனின் கைக்குழந்தையைக்கூட ஒருமுறை அப்படிக் கவிழ்த்துப் பார்த்ததாகச் சொந்தக்காரர்கள் நடுவில் ஒரு கதை ஓடுகிறது. அது கட்டுக்கதை என்று அவர் மனைவி சாந்தகுமாரி சொல்வாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வதால் யாரும் நம்புவதில்லை.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிறந்து வளர்ந்தது பெங்களூரு மர்பி டவுனில். ஐடிஐ முடித்த கையோடு பொம்மசந்திராவில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் சேர்ந்தவரை, கண் கூர்மையாக இருக்கிறதென்று பொருள்களைச் சோதிக்கும் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். வால்வுகள் வரிசையாக வரும். அளவு சரியாக இருந்தால் இந்தப் பக்கம். இல்லாவிட்டால் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டு அந்தப் பக்கம். சிவப்புக் குறி விழுந்த வால்வு நேராக உலைக்குப் போய் உருகிவிடும். அதற்கு அப்பீல் கிடையாது. காலமெல்லாம் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா?

தொழிற்சாலை வேறு மாநிலத்துக்கு மாறியபோது விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். சந்தாபுராவில் இருக்கும் சின்ன வீட்டில் பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். சாந்தகுமாரி எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு லேடீஸ் பிஜியில் சமையல் பார்க்கிறாள். ஐம்பது பெண்களுக்குக் காலையிலும் மத்தியானமும் சமைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளிடம், "இன்னைக்கு இட்லி போன வாரத்தைவிட ஒரு மில்லி ஒல்லியா இருக்குது" என்று இவர் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பகல்ல எங்கனா போய்ட்டு வாங்க" என்றாள்.

அப்படிப் போனவர்தான் அந்த ஷெட்டைக் கண்டுபிடித்தார். பொம்மசந்திராவில் முன்பு பவுடர் கோட்டிங் செய்துகொண்டிருந்த இடம். வாசலில் இங்கிலீஷில் மேக்கர்ஸ்பேஸ் என்று போர்டு இருந்தாலும் வருகிறவர்களுக்கு அது ஷெட்தான். உள்ளே லேத், மரம் அறுக்கும் ரம்பம், லேசரில் பலகை வெட்டும் பெட்டி, பிளாஸ்டிக்கில் பொருள்களை அச்சடித்துத் தரும் பிரிண்டர், நான்கு தையல் மிஷின். மாதச் சந்தா கட்டியவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம். நடத்துகிறவர் லாயிட், குக் டவுன்காரர், ஒரு காலத்தில் சர்ச்சுகளுக்கு மைக் செட் போட்டவர். எல்லோரையும் "மேன்" என்று கூப்பிடுகிற லாயிட், கோவிந்தராஜனை மட்டும் முதல் நாளிலிருந்தே "சார்" என்றார். என்ன காரணமோ, அவரைப் பார்த்தால் யாருக்கும் கை கட்டிக்கொள்ளத் தோன்றும்.

ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, நடுவில் இருக்கும் நீள மேஜையைத் துடைத்து, அந்த மாதம் முடித்த பொருள்களை வரிசையாக வைப்பார்கள். செய்தவர் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் விளக்குவார். கைத்தட்டலும் டீயும் சமோசாவும் உண்டு. பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களில் பை தைக்கும் நான்கு பெண்கள் ஒரு தடவை மழைக்கோட்டே தைத்துக் கொண்டுவந்தார்கள். முதுகில் ஏதோ ஒரு கட்சித் தலைவரின் பாதி மீசை இருந்தது. சௌம்யா என்கிற பெண், தான் தங்கியிருக்கும் பிஜியில் கீசர் உள்ள குளியலறை காலியாக இருக்கிறதா என்று மூன்று மாடியிலும் காட்டுகிற விளக்கு ஒன்றைச் செய்தாள். பெங்களூரு பிஜியில் இருந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும். அன்றைக்கு விழுந்த கைத்தட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

கோவிந்தராஜன் அந்த மேஜையைச் சுற்றி வருவார், கையில் வெர்னியர் அளவுகோலோடு. நீல் என்ற பையன், ஐடி கம்பெனிக்காரன், ஆறு மாதம் உழைத்துத் தானே ஒரு டெலஸ்கோப் செய்திருந்தான். இவர் குனிந்து அதன் அடிப்பலகையைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு பக்கம் ஒண்ணரை மில்லி சாயுது."

"சார், அதுல சனிக்கிரகம் தெரியுது. வளையத்தோட."

"தெரியட்டும் தம்பி. சாயுது."

இப்படிக் கொஞ்ச நாள் போனதும், அவர் வருகிற நேரம் பார்த்துச் சிலர் தங்கள் பொருள்களைத் துணி போட்டு மூட ஆரம்பித்தார்கள். லாயிட்டும் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்களே ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு டேபிள்ல வைங்களேன். அப்புறம் நாங்கெல்லாம் சுத்தி வந்து பார்க்கிறோம்."

இது சவால் என்றே கோவிந்தராஜன் எடுத்துக்கொண்டார். என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சாந்தகுமாரிக்கு இரண்டு வருடமாக வலது முட்டியில் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. வீட்டில் ஒரு காலிப் பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள், கீரை ஆய்கிறாள். எழுந்திருக்கும்போதெல்லாம் பக்கெட் 'கடக்' என்று சத்தம் போடும். அவளுக்கு ஒரு ஸ்டூல் செய்துவிட வேண்டும். குள்ளமாக, அகலமாக, கல் மாதிரி அசையாமல்.

"பத்து நாள்ல உனக்கு ஒரு ஸ்டூல் வருது" என்று வீட்டில் அறிவித்தார்.

ரப்பர் மரப் பலகை வாங்கினார். அறுப்பதும் இழைப்பதும் புது வேலை என்றாலும் கை சீக்கிரம் பழகிக்கொண்டது. முதல் ஸ்டூல் உண்மையிலேயே அழகாக வந்தது. அதை ஷெட்டில் மட்டம் பார்க்க வைத்திருந்த கிரானைட் பலகைமேல் நிறுத்தி, தொழிற்சாலைக் காலத்திலிருந்து சட்டைப் பையில் வைத்திருக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகு இதழ்களில் ஒன்றை எடுத்து ஒவ்வொரு காலுக்கு அடியிலும் நுழைத்துப் பார்த்தார். மூன்று கால்களில் நுழையவில்லை. நான்காவதில் நுழைந்துவிட்டது. அவ்வளவுதான். ஸ்டூலைக் கவிழ்த்தார், உட்காரும் பலகையின் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டார், மூலையில் இருந்த ரேக்கில் கொண்டுபோய் வைத்தார். யாருக்கும் வேண்டாத மிச்சம் மீதிகளைப் போடும் ரேக் அது. அதிலிருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஷெட்டின் பழக்கம்.

இரண்டாவது ஸ்டூலில் வேறொரு கால். மூன்றாவதில் கால்கள் சரி, பலகையின் ஒரு மூலை தூக்கல். சிவப்புக் குறி, ரேக். நீலுக்கு மனது கேட்கவில்லை.

"சார், மூணு காலா வெச்சுட்டா எந்தத் தரையிலயும் ஆடாது."

"மூணு காலு ஸ்டூல்ல ஒரு ஓரமாச் சாஞ்சா கவுந்துடும் தம்பி. முட்டி வலிக்காரி. நாலு காலுதான்."

மறுநாள் வந்து பார்த்தால் ரேக்கில் வைத்தது இருக்காது. யாரோ உடைத்து மரத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். தொழிற்சாலையில் வால்வு உருகிய மாதிரி. மரம் வீணாகவில்லை என்று திருப்தியும் படுவார். உட்கார்ந்து பார்த்தாரா என்று கேட்காதீர்கள். ஒரு தடவைகூட, ஒரு ஸ்டூலில்கூட அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. அவருக்கு அது சோதனையே அல்ல.

பத்து நாள் என்றது ஒரு வருடத்தைத் தாண்டியது. முதலில் சாந்தகுமாரி கிண்டல் செய்தாள். பிறகு கிண்டலை விட்டுவிட்டாள். அதைத்தான் அவர் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டிலிருந்து எழுந்திருக்கும்போது அதன் விளிம்பு உடைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள். கோபமே இல்லாத குரல். "அடுத்த வாரம் சந்தாபுரா சந்தையில நானே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக்கிறேன். நீங்க நிம்மதியா அங்க போய் அளந்துக்கினு இருங்க."

கோவிந்தராஜனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அவர் தன் கையால் அவளுக்கென்று ஒன்றும் செய்ததில்லை. செய்ய முடியும் என்று காட்ட இதுதான் சந்தர்ப்பம். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் கதை அதோடு முடிந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை.

"எங்க பிஜி கிச்சன்ல ஒரு மர ஸ்டூல் இருக்குது. அங்க தங்கற பொண்ணு ஒண்ணு எனக்காகக் கொண்டாந்து குடுத்துச்சு. காலையில அதுல ஒக்காந்தேன்னா காய் முடியற வரைக்கும் முட்டின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. யாரு செஞ்சதோ, நல்லா இருக்கட்டும். அவங்கெல்லாம் எப்படிச் செய்றாங்களாம்?"

யாரோ ஒரு ஊர் பேர் தெரியாத தச்சன், இவர் மனைவியிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறான். கோவிந்தராஜனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஸ்டூலைப் பார்த்தே தீர வேண்டும். மனதில் எந்த நல்ல எண்ணமும் இல்லை. அதில் குறைந்தது இரண்டு தப்பாவது இருக்கும், எடுத்துக் காட்டிவிட்டு வரலாம் என்பதுதான் எண்ணம்.

மறுநாள் காலை பஸ் பிடித்து எலெக்ட்ரானிக் சிட்டி போனார். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வாட்ச்மேன் அவரைப் பின்பக்கம் சமையலறை வாசல் வரை விட்டான். சாந்தகுமாரி உள்ளே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவனைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"என்னங்க, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எழுந்திரு, அதப் பார்க்கணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எழுந்து, ஸ்டூலை வாசல்படிக்கு உள்ளே தள்ளி வைத்தாள். அவர் குந்தி உட்கார்ந்து எஃகு இதழை எடுத்தார். நான்கு கால்களில் எதிலும் அது நுழையவில்லை. பலகையைத் தடவினார். ஓரங்கள் எல்லாம் வழவழவென்று உருட்டி இழைக்கப்பட்டிருந்தன. தொடை அழுந்தாதபடி யோசித்துச் செய்த வேலை. வேலைக்காரன்தான் என்று வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். பிறகு, வழக்கம்போல், ஸ்டூலைக் கவிழ்த்தார்.

சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டாவது கோட்டின் வால் கொஞ்சம் வளைந்திருந்தது. அவர் கை போடுகிற வளைவு.

சந்தோஷமா, அவமானமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"இதுலயும் குத்தமா?" என்றாள் சாந்தகுமாரி.

"இதக் குடுத்த பொண்ணு பேரு என்ன?"

"சௌம்யா. மாடியில கீசருக்கு லைட்டு போட்டுச்சே, அந்தப் பொண்ணு."

"சாந்தா, இது நான் செஞ்சது."

அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நீங்க செஞ்சதுன்னா வீட்டுக்கு ஏன் வரல?"

"ரிஜெக்ட் பண்ணிட்டேன். ஒரு காலு தூக்கல். இங்கத் தரை கோணலா இருக்கறதால தெரியல."

"தரையைப் பத்தி யாரு கேட்டாங்க?" இப்போது அவள் குரலில் கோபம் இருந்தது. "எட்டு மாசமா நான் இங்க உங்க ஸ்டூல் மேல ஒக்காந்து, செஞ்ச மவராசன் நல்லா இருக்கணும்னு வாழ்த்திக்கினு இருக்கேன். வீட்டுக்கு வந்தா ஒடஞ்ச பக்கெட்டு. எனக்காகச் செஞ்சீங்களா, அந்தத் தகட்டுக்காகச் செஞ்சீங்களா?"

கோவிந்தராஜன் ஸ்டூலை நிமிர்த்தி வைத்தார். இதழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஷெட்டுக்கு வந்ததும் லாயிட்டைப் பிடித்தார். லாயிட் கொஞ்ச நேரம் மென்று முழுங்கிவிட்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அந்த ரேக்கிலிருந்து ஒரு ஸ்டூலைக்கூட யாரும் உடைக்கவில்லை. ஒன்றை எடுத்துப்போன சௌம்யாவுக்கு, அந்தச் சமையல்கார அம்மா இவர் மனைவி என்பதே தெரியாது. ஒன்று எதிர்க்கடை டீ மாஸ்டரிடம் இருக்கிறது. ஒன்று தையல்காரப் பெண்களில் ஒருத்தி வீட்டில். நீல் ஒன்றை மொட்டை மாடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் சனிக்கிரகம் பார்க்கிறான். அடுத்தது எப்போது ரிஜெக்ட் ஆகும் என்று இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

"ஏன் லாயிட் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வீடு வீடாப் போய்ப் புடுங்கிட்டு வந்துடுவீங்களோன்னு பயம் சார்."

போயிருப்பார்தான். அதை அவரே மறுக்கவில்லை. வெளியில் கோபமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாலும், டீ குடிக்கப் போனபோது எதிர்க்கடை ஸ்டூலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அதில் லாரி டிரைவர் ஒருவர் காலை நீட்டிச் சுகமாக உட்கார்ந்திருந்தார். கோவிந்தராஜன் அவரை எழுப்பவில்லை.

சந்தை நாளுக்குள் இன்னொன்றை முடித்துவிடுவதென்று உட்கார்ந்தார். அந்த வாரம் அவர் யாருடைய பொருளையும் போய்ப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. கிரானைட் பலகைமேல் நிறுத்தினார். இதழ் முதல் காலில் நுழையவில்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை. நான்காவதிலும் இல்லை. சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். இன்னும் மெல்லிய இதழை எடுத்துப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை. நீல் விசில் அடித்தான். காத்திருந்த இரண்டு பேருக்குத்தான் முகம் சுருங்கியது.

"நாளைக்குக் கடைசி சனிக்கிழமை சார்!" என்றார் லாயிட். "டேபிள்ல நடுவுல வெக்கறோம். ஒரு நாள் விட்டுட்டுப் போங்க."

கோவிந்தராஜனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த மேஜைமேல் தன் பொருள் இருக்க, எல்லோரும் குனிந்து தப்புத் தேடி ஏமாறுவதை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்தவர். ஆனாலும் ஸ்டூலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வேணாம் லாயிட். இது இன்னைக்கே வீட்டுக்குப் போவணும். எனக்கு வேண்டிய டேபிள் அங்க இருக்குது."

ஓசூர் ரோட்டில் சாயங்கால பஸ் பிதுங்கி வழிந்தது. ஸ்டூலைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஏறியவரைப் பார்த்து, "ஸீட் சிகல்லா அந்த்த மனேயிந்தலே தந்த்ரா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார் கண்டக்டர். சீட் கிடைக்காதென்று வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டாரா என்று கேள்வி. பஸ்ஸே சிரித்தது. கோவிந்தராஜனும் சிரித்தார். அவர் பஸ்ஸில் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் ஸ்டூலை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாந்தகுமாரி அதைச் சுற்றிப் பார்க்கவில்லை, கவிழ்த்துப் பார்க்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஸ்டூல் ஆடியது.

வலது பக்கம் சாய்ந்து, டக் என்று இடது பக்கம் வந்தது. உலகத்திலுள்ள எல்லாப் பொருளையும் சோதித்த மனிதர், தன் வீட்டுச் சமையலறைத் தரையைச் சோதித்ததில்லை. பழைய மொசைக், நடுவில் குழி. கிரானைட்டில் கல்லாக நின்றது இங்கே தள்ளாடியது.

"எழுந்திரு சாந்தா" என்றார். "குடு. நாளைக்கு எடுத்துக்கினு போய் இந்தத் தரைக்கு ஏத்தாப்பல சரி பண்ணிக் கொண்டாந்துடறேன்."

"மாட்டேன்."

"ஒரே ஒரு நாள்."

"ஒங்க ஒரு நாளு எனக்குத் தெரியும். நான் இதுலர்ந்து எழுந்திருக்கறதா இல்ல." அவள் ஸ்டூலின் இரண்டு ஓரங்களையும் கையால் பிடித்துக்கொண்டாள். "சோறு இங்கயே குடுங்க, சாப்பிடறேன். எடுத்துக்கினு மட்டும் போவ முடியாது."

சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. ஒரு ஸ்டூலுக்காக இவ்வளவா என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. சட்டைப் பையில் இருந்த இதழ்கள்மேல் போன கை அப்படியே நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரியில் டீத்தூள் அட்டைப் பெட்டி இருந்தது. அதன் மூடியைக் கிழித்தார். கோணலாகத்தான் கிழிந்தது. இரண்டாக மடித்து, போதாதென்று இன்னொரு மடிப்பு மடித்து, அவள் காலடியில் மண்டியிட்டு, தூக்கலாக நின்ற காலுக்கு அடியில் செருகினார்.

"இப்ப அசைஞ்சு பாரு."

அவள் அசைந்து பார்த்தாள். ஆடவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இருக்குது? நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவர் மண்டியிட்டபடியே பார்த்தார். பழுப்பு அட்டை காலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கு மேலே ஸ்டூல், அதற்கு மேலே அவள்.

"நல்லா இருக்குது" என்றார்.

சாந்தகுமாரிக்குத் தெரியும். கல்யாணமான நாள் முதல் இந்த மனிதர் வாயிலிருந்து 'நல்லா இருக்குது' வந்தால், பின்னாலேயே ஒரு 'ஆனா' வராமல் இருந்ததில்லை. அவள் அதற்காகக் காத்திருந்தாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அரிவாள்மனையையும் கீரைக் கட்டையும் எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். கை கழுவினார். தண்ணீர் குடித்தார். அவள் இன்னும் காத்திருந்தாள். அது வரவில்லை என்றதும் கீரைக் கட்டைப் பிரித்தாள்.